2 கோடிக்கு ரைடர் வாங்கியாச்சு... வெளியே உட்கார்ந்தவரை உள்ளே கூட்டி வர்றது யாரு?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் ஏறி சீட்டு வாங்கி, போனை எடுத்து நாலு ரீல்ஸ் பார்ப்பதற்குள் ஊர் வந்துவிடும். ஆனால், இந்தக் கொஞ்ச தூரத்துக்குள் தமிழ் தலைவாஸ் அணியைப் பற்றி ஒரு முழு விவாதத்தையே நடத்தி முடிக்கிற ஆட்கள் இங்கே உண்டு.

எனக்குப் பக்கத்து சீட்டில் அப்படி இரண்டு பேர். ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர், ஸ்பின்னிங் மில் வேலை. இன்னொருவர் அவருடைய அக்கா மகன், சென்னையில் ஐ.டி. வேலை, லீவுக்கு வந்திருக்கிறார்.

"அடுத்த ஏலத்துலயாவது ஒரு நல்ல ரைடரை எடுக்கணும் மாமா."

"எத்தனை ரைடர்தான் மாப்ள எடுப்பீங்க? வாங்கினவன் பாதி நேரம் வெளியேல்ல உட்கார்ந்திருக்கான். அவனை உள்ள கூட்டிட்டு வர ஆளு வேணாமா?"

நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி கூடவே வந்தது. ஏனென்றால், தலைவாஸ் ரசிகர்கள் வருஷா வருஷம் போடுகிற சண்டையின் மையமே அதுதான்.

வெளியே போனவர் எப்படி உள்ளே வருவார்?

கபடியை டி.வி.யில் மட்டும் பார்க்கிறவர்கள் சட்டெனக் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. ஓர் அணிக்குக் களத்தில் 7 பேர். பாடிப் போகிற ரைடர் பிடிபட்டால் அவர் வெளியே போய் உட்கார வேண்டும். அவர் திரும்ப உள்ளே வர வேண்டுமென்றால், அவருடைய அணி எதிரணி ஆள் ஒருவரை அவுட் ஆக்க வேண்டும். யார் முதலில் வெளியே போனாரோ அவரே முதலில் உள்ளே வருவார். இதில் இன்னொரு சிக்கல்: போனஸ் கோட்டைத் தொட்டு வாங்குகிற புள்ளிக்கு யாரும் உள்ளே வர முடியாது. ஸ்கோர் ஏறும், ஆள் ஏறாது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 கோடி ரூபாய் கொடுத்து வாங்கிய ரைடர், ஆட்டத்தின் மூன்றாவது நிமிடத்தில் பிடிபடுகிறார். அடுத்து எதிரணி ரைடர் நம் பக்கம் வருகிறார். நம் ஆட்கள் அவரைப் பிடித்துப் போட்டால், 2 கோடி உடனே உள்ளே. கோட்டை விட்டால் 2 கோடி பெஞ்சிலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். அடுத்து நம் இரண்டாவது ரைடர் போய்த் தொட்டுவிட்டு வர வேண்டும். அவரும் மாட்டினால் இன்னும் மோசம். இப்படியே ஏழு பேரும் வெளியே போனால் ஆல் அவுட், எதிரணிக்குக் கூடுதலாக 2 புள்ளி.

அதாவது, ஒரு பெரிய ரைடர் எத்தனை முறை பாடிப் போகப் போகிறார் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அவர் இல்லை. பிடி ஆடுகிறவர்கள்தான்.

யார் இந்த 'கவர்'?

பிடி ஆட்டத்தில் எல்லா இடமும் ஒன்றல்ல. இரண்டு ஓரங்களில் நிற்பவர்கள் கார்னர். ரைடரின் கணுக்காலைப் பாய்ந்து பிடிக்கிற அந்தப் படம் பேப்பரில் வருகிறதே, அது கார்னர் ஆட்டக்காரருடையது. அவர்களுக்கு உள்ளே 'இன்' என்ற இடம். பெரும்பாலான அணிகள் ரைடர்களை அங்கேதான் நிறுத்தும். அதற்கும் உள்ளே, நடு ஆளுக்கு இரு பக்கமும் நிற்பவர்கள் கவர்.

கவரின் வேலை கண்ணுக்குத் தெரியாத வேலை. கார்னர் காலைப் பிடித்த அடுத்த நொடி, ரைடர் நடுக்கோட்டைப் பார்த்துப் பாய்வார். ஒரு காலை இழுத்துக்கொண்டே நாலடி போகத் தெரிந்தவர்கள்தான் இந்த லீக்கின் ரைடர்கள். அப்போது குறுக்கே வந்து வழியை அடைப்பது, இடுப்பைக் கட்டுவது, உடம்பால் முட்டிக் கோட்டுக்கு வெளியே தள்ளுவது எல்லாம் கவர் செய்வது. அரை நொடி தாமதித்தால் கதை மாறிவிடும். பிடித்த கார்னரும் அவுட், உதவிக்கு வந்த கவரும் அவுட்.

பிடி வெற்றி என்றால்? புள்ளி பெரும்பாலும் முதலில் பிடித்தவர் பெயரில் ஏறும். மேலே விழுந்து அமுக்கிய மூன்று பேரின் பெயர் ஸ்கோர் கார்டில் வராது.

மில்காரரை அடுத்த நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடையில் மறுபடி பார்த்தேன். தானே ஒரு காலத்தில் கோயில் கொடை, பொங்கல் டோர்னமென்ட்டுகளில் ஊர் டீமுக்குக் கவர் ஆடியவராம். முழங்காலைத் தட்டிக் காட்டினார். "ஆடிப்பூரத்துக்கு இங்க வந்து பாருங்க. வடம் புடிக்கிறவங்களைத்தான் எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. சக்கரத்துக்குக் கட்டை போடுறவனை ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. அவன் கை ஒரு நிமிசம் தப்புச்சுன்னா தேரு யாரு வீட்டுக்குள்ள போகும்னு சொல்ல முடியாது." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

காசு எங்கே போனது?

புரோ கபடி லீக் 2014-ல் 8 அணிகளோடு தொடங்கியது. 2017-ல், சீசன் 5-ல், அணிகள் 12 ஆனபோது தமிழ் தலைவாஸ் வந்தது. அதிலிருந்து சீசன் 12 வரை எட்டு சீசன். பிளே ஆஃப் போனது ஒரே ஒரு தடவை.

ஏலத்தில் கொடுத்த பெரிய விலைகளை மட்டும் பார்ப்போம். 2019, சீசன் 7: ராகுல் சவுத்ரி, 94 லட்சம். ரைடர். ஏற்கெனவே அஜய் தாக்கூர் இருந்த அணி அது. பேப்பரில் பார்த்தால் கனவு அணி. பட்டியலில் பார்த்தால் 12 அணிகளில் 12-வது இடம்.

2022, சீசன் 9: பவன் செராவத், 2 கோடியே 26 லட்சம். ரைடர். லீக்கில் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. அப்போது ஓர் அணியின் மொத்த பர்ஸே 4.4 கோடி. பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு.

2024, சீசன் 11: சச்சின் தன்வர், 2 கோடியே 15 லட்சம். ரைடர். அந்த ஏலத்தின் மிக உயர்ந்த விலை. பர்ஸ் 5 கோடி ஆகிவிட்டது, ஆனாலும் அதில் 43 சதவீதம். சீசன் முடிவில் 22 ஆட்டத்தில் 8 வெற்றி, 9-வது இடம்.

2025, சீசன் 12: அர்ஜுன் தேஷ்வால் 1 கோடியே 40.5 லட்சம், மீண்டும் பவன் 59.5 லட்சம். இரண்டு பேரும் ரைடர்கள். கூட்டினால் சரியாக 2 கோடி. பர்ஸில் 40 சதவீதம். கேப்டனாக்கப்பட்ட பவனை ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி சீசன் நடுவே அணி வீட்டுக்கு அனுப்பியது. அவர் அதை மறுத்தார். அணி முதல் எட்டுக்குள்கூட வரவில்லை.

(2022, 2024 ஏலங்கள் இரண்டும் ஆடி மாதத்தில்தான் நடந்தன. ஊரே ஆடித் தள்ளுபடியில் வாங்கும்போது நம்ம ஆட்கள் மட்டும் ஏன் இப்படி என்று ஒரு ரசிகர் கேட்டது நியாயம்தான்.)

இதில் கவனிக்க வேண்டியது, 5 கோடி என்பது ஏலத்துக்கு மட்டுமான காசு இல்லை. தக்கவைத்துக்கொண்ட வீரர்களின் சம்பளமும் அதிலிருந்துதான் போக வேண்டும். ஓர் அணியில் குறைந்தது 18 பேர் வேண்டும். 2.15 கோடியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், மீதி 17 பேருக்கு 2.85 கோடி. தலைக்கு 17 லட்சத்துக்கும் கீழே. அந்தக் காசில் நல்ல கவர் ஒருவர் கிடைக்கலாம். அவருக்கு அடிபட்டால் இறங்க இன்னொருவர் கிடைப்பது கஷ்டம்.

ரைடர் இல்லாத வருஷம்தான் நல்ல வருஷமா?

தலைவாஸ் ரசிகர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான தேதி ஒன்று உண்டு: 2022 அக்டோபர் 8. குஜராத் ஜெயன்ட்ஸுடன் சீசனின் முதல் ஆட்டம். 2.26 கோடி பவன், எதிரணியின் ரைடரைப் பிடிக்கப் போய் முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். அந்த சீசனில் திரும்ப வரவே இல்லை. லீக்கின் விலை உயர்ந்த ரைடர், பாடிப் போகும்போது அடிபடவில்லை. பிடி ஆடப் போய்த்தான் அடிபட்டார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எல்லோரும் சீசன் முடிந்தது என்றார்கள். ஆனால் நடந்தது வேறு. நடுவில் பயிற்சியாளர் மாறி அஷன் குமார் வந்தார். வலது கார்னரில் சாகர் ராத்தீ, இடது கார்னரில் சாஹில் குலியா, கவரில் அபிஷேக்கும் மோஹித்தும் என்று ஒரு இளம் பிடிக் கூட்டம் அமைந்தது. ஒருவர் அசைந்தால் மற்றவருக்குத் தெரிந்தது. பவன் இடத்தில் ஆடிய நரேந்தர், ஏலத்தில் கோடிகள் கொடுத்து வாங்கியவர் இல்லை. புதிய இளம் வீரர்கள் திட்டத்தில் வந்த பையன். முதல் சீசனிலேயே 243 ரைடு புள்ளி எடுத்தார். அணி 5-வது இடம். எலிமினேட்டரில் யு.பி. யோதாஸுடன் 36-36 என்று சமனாகி, டை பிரேக்கரில் 6-4 என ஜெயித்தது. அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39. இரண்டே புள்ளி.

மாமா கட்சிக்கு இது பெரிய ஆதாரம். பிடி ஆட்டக்காரர்கள் அடிக்கடி எதிரணி ஆளை அமுக்கியதால்தான், நரேந்தர் என்கிற புதுப் பையனுக்கு அத்தனை ரைடு கிடைத்தது என்பது அவருடைய வாதம்.

மருமகன் சும்மா விடவில்லை. "சரி மாமா, அதே பிடி டீம்தானே அடுத்த சீசனும் ஆடுச்சு? ஒன்பதாவது இடம்தானே வந்தோம்?"

உண்மைதான். சீசன் 10-ல் பெரும்பாலும் அதே கூட்டம். 22 ஆட்டத்தில் 9 வெற்றி, 13 தோல்வி. வெறும் பிடியை வைத்துக்கொண்டும் கோப்பை வராது. எதிரணிகள் நரேந்தரைப் படித்துவிட்டன. அவர் மாட்டிய நாட்களில் புள்ளி எடுக்க இரண்டாவது ஆள் கைகொடுக்கவில்லை. பையன் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது என்று மாமாவே தலையாட்டினார்.

என் கணிப்பு வேறு மாதிரி. சிக்கல் 'ரைடரா, டிஃபெண்டரா' என்பது இல்லை. கார்னரில் தலைவாஸுக்கு எப்போதும் பெயர் சொல்ல ஆள் இருந்திருக்கிறது. சீசன் 8-ல் 82 பிடிப் புள்ளி எடுத்த சாகர் இருந்தார். ஒரே சீசனில் 100 பிடிப் புள்ளி எடுத்த முதல் வீரரான நித்தேஷ் குமார் சீசன் 11-ல் வந்து சேர்ந்தார். குறைவது நடுவில். இரண்டு நிலையான கவர், அவர்களுக்கு மாற்றாக இன்னும் இரண்டு பேர், நாலு பேரும் மூன்று சீசன் சேர்ந்து ஆடுவது. இதற்கு ஒருமுறைகூடப் பெரிய காசு ஒதுக்கப்படவில்லை.

ஜெயித்தவர்கள் என்ன செய்தார்கள்?

சீசன் 11-ல் கோப்பை வாங்கிய ஹரியானா ஸ்டீலர்ஸைப் பாருங்கள். கேப்டன் ஜெய்தீப் தஹியாவே ஒரு கவர். கார்னரில் ராகுல் சேத்பால். ஏலத்தில் அவர்கள் கொடுத்த பெரிய விலை, ஈரானின் முகமதுரேசா ஷாத்லூயிக்கு, 2.07 கோடி. அவர் பிடியும் ஆடுவார், பாடியும் போவார். 2024 டிசம்பர் 29 இறுதியில் பாட்னா பைரேட்ஸை 32-23 என்று அடக்கினார்கள். அந்த சீசனின் முரட்டு ரைடர் கூட்டம் பாட்னாவிடம்தான் இருந்தது. இறுதியில் 23-ஐத் தாண்ட முடியவில்லை.

அதற்கு முந்தைய சீசனில் புனேரி பல்தானும் அதே ஷாத்லூயிக்கு 2.35 கோடி கொடுத்து கோப்பை வாங்கியது. ஆனால் சீசன் 12-ல் 2.23 கோடிக்கு அவரை எடுத்த குஜராத் முதல் எட்டுக்குள் வரவில்லை. ஆக, பெரிய டிஃபெண்டர் ஒருவரை வாங்கிப் போட்டால் போதும் என்பதும் சூத்திரம் இல்லை. சுற்றி ஆள் வேண்டும்.

சீசன் 12 கோப்பை தபாங் டெல்லிக்கு, 31-28. அவர்கள் பிடியில் ஃபசல் அத்ராச்சலியும் சுர்ஜீத் சிங்கும். சுர்ஜீத்தை ஞாபகம் இருக்கிறதா? சீசன் 8-ல் நம்ம கேப்டன். கவர் ஆட்டக்காரர். 75 லட்சத்துக்கு எடுத்து, பிறகு விட்டுவிட்டோம்.

அமெரிக்காவிலும் இதே சண்டை

இது நம்ம ஊர்ச் சண்டை மட்டுமில்லை. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்தான் ஹீரோ. அவருக்கு முன்னால் ஐந்து தடியர்கள் நிற்பார்கள். அதற்கு அஃபென்சிவ் லைன் என்று பெயர். பந்தை அநேகமாகத் தொடவே மாட்டார்கள். எதிரணி ஆட்கள் குவார்ட்டர்பேக் மேல் விழாமல் இரண்டு மூன்று விநாடி தடுத்து வைப்பதுதான் வேலை.

சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி 2020-ல் ஜோ பர்ரோ என்ற இளம் குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அந்த ஆண்டே அவருக்கு முழங்கால் போனது. 2021 தேர்வில் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி, 'தடுப்பு ஆள் பெனேய் சூவலை எடு' என்றது. இன்னொரு கட்சி, 'பந்து பிடிக்கிற ஜமார் சேஸை எடு' என்றது. அணி சேஸை எடுத்தது. சேஸ் கொடிகட்டிப் பறந்தார். அணி இறுதியாட்டமான சூப்பர் பௌல் வரைக்கும் போனது. அப்போ அந்த முடிவு சரிதானே? ஆனால் 2022 ஜனவரியில் ஒரே பிளே ஆஃப் ஆட்டத்தில் பர்ரோவை 9 தடவை கீழே தள்ளினார்கள். பிப்ரவரியில் இறுதியாட்டத்தில் 7 தடவை. 20-23 என்று தோற்றார்கள். அடுத்த மாதமே அந்த அணி வாங்கியது யாரை தெரியுமா? மூன்று தடுப்பு ஆட்களை.

அங்கே ரசிகர்கள் இன்றும் 2021-ஐப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். இரண்டு பக்கமும் பேச ஆதாரம் இருக்கிறது. ஆனால் மூன்று பேரை வாங்கியதைப் பற்றி யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

அப்புறம் ஏன் ரைடரையே வாங்குகிறார்கள்?

அணி நிர்வாகத்தின் பக்கம் நின்று பார்த்தால் காரணம் புரியும். ஜெர்சி விற்பது ரைடர் பெயரில். போஸ்டரில் தொடையைத் தட்டிக்கொண்டு நிற்பது ரைடர். 'கில்லி' தொடங்கி 'பைசன்' வரை நம்ம சினிமாவிலும் ஹீரோ பாடித்தான் போவார். மூன்று பேரோடு சேர்ந்து ஒருவனை அமுக்குகிற ஹீரோவை யாரும் எழுதவில்லை. இன்னொரு காரணம், ரைடரின் திறமையை எண்ணிவிடலாம். இத்தனை ரைடு, இத்தனை புள்ளி. கவரின் திறமையில் பாதி, எதிரணி ரைடர் அந்தப் பக்கம் வரத் தயங்கியதில் இருக்கிறது. அதை எந்தப் பட்டியலில் போடுவது?

வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் இருந்து போய் லீக்கில் பெரிய பெயர் எடுத்த தர்மராஜ் சேரலாதன் பிடி ஆட்டக்காரர்தான். கார்னர். சீசன் 4-ல் பாட்னாவுக்குக் கேப்டனாகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். சீசன் 11-ல் தலைவாஸ் பயிற்சியாளர் குழுவிலும் இருந்தார்.

இந்த விலைப் பட்டியலின் விளைவு ஏல அரங்கத்தோடு நிற்பதில்லை. ராஜபாளையம் பக்கத்து ஊர்களில் சாயங்காலம் மைதானத்துக்குப் போனால் தெரியும். பத்துப் பையன்கள் இருந்தால் எட்டுப் பேர் பாடிப் போகப் பழகுகிறார்கள். மிச்சம் இரண்டு பேர் கார்னர். "கவர்ல நில்றான்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறான்" என்று மில்காரர் அலுத்துக்கொண்டார். டோர்னமென்ட்டிலும் 'சிறந்த ரைடர்' என்று ஒரு கப் இருக்கும், 'சிறந்த பிடி' என்று ஒரு கப் இருக்கும். அந்த இரண்டாவதும் கார்னருக்குத்தான் போகும்.

ஆனால் வேலை என்று வந்தால் கணக்கு வேறு. போலீஸ், ரயில்வே, வங்கி என விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிற அணிகளுக்கு இடத்துக்கு இடம் ஆள் தேவை. ரைடர் வரிசையில் நாற்பது பேர் நின்றால், கவர் வரிசையில் நாலு பேர்தான் நிற்பார்கள். பையன்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம் என்கிறார் அவர். அவர்கள் பார்ப்பது ஏலத்தை. அங்கே விலை ரைடருக்கு.

அடுத்த ஏலத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், தக்கவைத்த வீரர்கள் பட்டியல் வரும். அதில் எத்தனை கவர் என்று எண்ணுங்கள். இரண்டுக்குக் கீழே என்றால் அந்த இடத்தில் மறுபடி புதுக் கூட்டணி, மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். இரண்டாவது, எஃப்.பி.எம். கார்டு. தங்களிடம் இருந்த வீரரை வேறு அணி கேட்ட கடைசி விலையைக் கொடுத்துத் திரும்ப எடுக்கிற வாய்ப்பு அது. அதைப் பயன்படுத்துவது ரைடருக்கா, பிடி ஆட்டக்காரருக்கா? மூன்றாவது, ஏ பிரிவு முடிந்த பிறகு டி.வி.யை அணைத்துவிடாதீர்கள். ஏ பிரிவின் அடிப்படை விலை 30 லட்சம் என்றால், சி பிரிவு 13 லட்சம், டி பிரிவு 9 லட்சம். கவர்கள் பெரும்பாலும் விற்பது அங்கேதான், இரவு நேரத்தில், வர்ணனையாளர்களுக்கே தூக்கம் வருகிற வேளையில்.

டீக்கடையில் கிளம்பும்போது மருமகன் போனில் ஒரு பட்டியலைக் காட்டினார். அவரே போட்டுவைத்த அடுத்த சீசன் அணி. ஏழு இடம். அஞ்சு இடத்துக்குப் பெயர் எழுதியிருந்தது. இரண்டு இடம் காலி.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இந்த ரெண்டு யாரு மாப்ள?"

"கவர், மாமா. யாரையாவது போட்டுக்கலாம்."